சி.டி. ‘நார்மல்’ என்றால் ஊசி எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. சென்ற வாரம் காலையில் பேச்சு குழறி, வலது கை துவண்டுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து ‘நார்மல்’ என்றவர்கள், உடனே ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியும் போட்டார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையின் இடப்பக்கம் பாதிப்பு என்கிறார்கள். முதல் ஸ்கேன் வீண்தானே? இப்போது கழுத்துக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் வேறு எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: வீண் இல்லை. அந்த சி.டி. ‘நார்மல்’ என்று வந்ததால்தான் உங்கள் தந்தைக்கு அந்த ஊசியைப் போட முடிந்தது.

மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம் வரும், வெடித்து ரத்தம் கசிந்தாலும் வரும். நோயாளியைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கட்டைக் கரைக்கும் மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவசரப் பிரிவில் சி.டி.யிடம் மருத்துவர் முதலில் எதிர்பார்க்கும் விடை, ரத்தம் கசிந்திருக்கிறதா இல்லையா என்பதுதான். தலையைச் சுற்றி எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் திசு எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று கணக்கிடுவது சி.டி.யின் வேலை. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே அந்த அளவுக்கு அலகாக வைத்திருக்கிறார்கள். அதில் நீர் 0. மூளைத் திசு ஏறக்குறைய 25 முதல் 40. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50க்கு மேல். அதனால் கசிவு பளிச்சென்று வெள்ளைத் திட்டாகத் தெரிந்துவிடும். அடைப்பால் பட்டினி கிடக்கும் திசுவோ முதல் சில மணி நேரத்தில் ஒன்றிரண்டு எண்களே இறங்கும். தேர்ந்த கண்ணுக்கும் அது பல நேரங்களில் பிடிபடாது.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது வேறொன்றை. அதில் எக்ஸ்ரே கிடையாது. வலிமையான காந்தப்புலத்தில் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையே படமாகிறது. ரத்த ஓட்டம் நின்றால் நரம்பணுக்கள் உப்பு, நீர்ச் சமநிலையைக் காக்க முடியாமல் வீங்குகின்றன. நீர் மூலக்கூறுகள் முன்போல் தாராளமாக நகர இயலாமல் நெருக்கடிக்குள் சிக்குகின்றன. ஃபிலிமில் ‘டி.டபிள்யூ.ஐ.’ என்று குறித்த படங்கள் இந்த நகர்வை அளப்பவை. அடைப்பு ஏற்பட்டு அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் அந்த இடம் அவற்றில் வெள்ளையாக ஒளிரும். அந்த ஃபிலிமை நீங்கள் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் வெள்ளைத் திட்டு வலப்பக்கம் இருப்பதுபோல் தோன்றும், பதற வேண்டாம். நோயாளி நமக்கு எதிரே இருப்பதாகக் கருதிப் படத்தை அச்சிடுவதால் அவருடைய இடப்பக்கம் நம் வலப்பக்கம் வரும்.

அப்படியானால் முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். விரைவு முறையில் அப்படிச் செய்யும் மையங்களும் இருக்கின்றன. ஆனால் சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். வழக்கமான எம்.ஆர்.ஐ.க்கு 20 முதல் 40 நிமிடம் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் உண்டா என்று விசாரித்து, அரைஞாண் கொடி முதல் தாலிக்கொடியில் கோத்த ஊக்கு வரை கழற்ற வேண்டும். (அந்த ஊக்கைப் பலரும் மறந்துவிடுவார்கள்.) பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஒரு மதிப்பீடு. ஊசிக்கான வழக்கமான கெடுவோ நாலரை மணி நேரம். அந்த நிலையில் சி.டி.யைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே நானும் சொல்வேன். இதய ஸ்டென்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்று புழக்கத்திலுள்ளவை எம்.ஆர்.ஐ.க்குப் பாதுகாப்பானவை.

இனி, கழுத்து ஸ்கேன். இதுவரை எடுத்தவை மூளையில் என்ன நடந்தது என்பதைக் காட்டின. ரத்தக்கட்டு கழுத்து ரத்தக்குழாயிலிருந்து வந்ததா என்பதை அறிய இது உதவும். இதற்கு, ரத்தக்குழாயைப் படத்தில் தெளிவாகக் காட்டும் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்துவார்கள் என்பதால் முதலில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்திருந்தால் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள், அல்லது கழுத்தை டாப்ளர் என்னும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்ப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு எந்த ஸ்கேன் மருந்துக்காவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கக் கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சை அல்லது ஸ்டென்ட் பற்றி முடிவெடுக்க வேண்டிவரும். முதல் தாக்குதலிலிருந்து இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் அதில் பலன் அதிகம். உங்கள் தந்தைக்கு ஏற்கெனவே ஒரு வாரம் கழிந்துவிட்டது.