சாப்பிடாத அரை மணிக்கும் பிடித்தமா? கேள்வி-பதில்

சாப்பாட்டு இடைவேளை என்று சம்பளத்தில் நேரத்தைக் கழிப்பது பற்றி, அமெரிக்காவில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை பார்க்கும் வாசகர்கள் அனுப்பியவை.

கேள்வி: பதினைந்து நிமிட காபி இடைவேளைக்கும் பஞ்ச் அவுட் (வேலையிலிருந்து வெளியேறியதாக நேரப் பதிவு) செய்யச் சொல்கிறார்கள். சரியா? (கிடங்கு ஊழியர், ஒஹாயோ)

பதில்: தவறு. 5 முதல் 20 நிமிடம் வரையிலான இடைவேளை, கூட்டாட்சி (அமெரிக்க மத்திய அரசு) விதிப்படி வேலை நேரம். சம்பளம் உண்டு.

கேள்வி: சாப்பிட நேரமே தருவதில்லை. கேஸ் போடலாமா? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: எந்த மாநிலம், எத்தனை மணி நேர ஷிஃப்ட், சம்பளத்தில் கழிக்கிறார்களா இல்லையா, எதுவுமே எழுதவில்லை. எதை வைத்துப் பதில் சொல்வது? பெரியவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆகவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. ஏறக்குறைய 20 மாநிலங்கள்தான் சொல்கின்றன. டெக்சஸில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கலிபோர்னியாவில் ஷிஃப்ட் 5 மணி நேரத்தைத் தாண்டினால் அரை மணி தர வேண்டும். இடைவேளை தராதது ஒரு புகார், தராத இடைவேளைக்குச் சம்பளம் பிடிப்பது வேறொரு புகார். உங்களுடையது எது என்று பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியர். 12 மணி நேர ஷிஃப்ட், வாரத்துக்கு நான்கு. கம்ப்யூட்டர் தினமும் அரை மணியைத் தானாகவே கழித்துவிடுகிறது. பாதி நாள் சாப்பிடவே முடிவதில்லை. கழித்ததை நீக்கப் படிவம் உண்டு, ஆனால் நிரப்பினால் சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறார். பழைய பணம் கிடைக்குமா? (டெக்சஸ்)

பதில்: இந்தத் தானியங்கிப் பிடித்தம் பற்றி எத்தனை முறை எழுதினாலும் போதாது. கழிப்பது மட்டுமே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஆனால் எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, இல்லை என்று காட்டும் சுமையை, அழைப்பு மணிக்கு ஓடிக்கொண்டிருப்பவர் தலையில் வைக்கிற ஏற்பாடு இது. நேரத்தைச் சரியாகப் பதிவு செய்வது முதலாளியின் கடமை. நீங்கள் சாப்பிடாமல் வேலை செய்தது சூப்பர்வைசருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தால், அந்த அரை மணிக்குச் சம்பளம் சேர வேண்டும். ‘நான் செய்யச் சொல்லவில்லையே’ என்பது பதிலாகாது. வேண்டாம் என்றால் தடுத்திருக்க வேண்டும்.

இருந்தும் பலர் தோற்பது படிவத்தில்தான். 2012-ல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மருத்துவமனைச் செவிலியரின் வழக்கைத் தள்ளியது. படிவ ஏற்பாடு இருந்தது, நிரப்பிய போதெல்லாம் பணம் வந்தது, பிறகு அவர் நிரப்புவதை நிறுத்திவிட்டார். டெக்சஸ் அந்த வட்டாரத்தில் இல்லை, அந்தத் தீர்ப்பு உங்கள் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் முதலாளியின் வக்கீல் முதலில் நீட்டப்போவது இதைத்தான். ஆகவே முகம் சுளித்தாலும் அன்றன்றே நிரப்புங்கள். வாங்க மறுத்தால் உடனே சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ்: ‘இன்று சாப்பாட்டு இடைவேளை கிடைக்கவில்லை, அரை மணிக் கழிவை நீக்கவும்.’ எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

வீட்டில் தனியாக ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், ஏன் சாப்பிடவில்லை, யாருக்குத் தெரியும், இவ்வளவு போதும். முதலாளியின் பதிவு சரியில்லை என்றால் ஊழியரின் நியாயமான மதிப்பீடே சான்றாகும் என்று 1946-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோயாளி பெயரை எழுதாதீர்கள், அவர்களுடைய சார்ட்டை (மருத்துவக் குறிப்பை) படம் எடுக்காதீர்கள். கேட்க வந்த நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்கு: நான்கு ஷிஃப்டில் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் வாரத்துக்கு ஒரு மணி. கழித்த பிறகும் வாரத்துக்கு 40 மணியைத் தாண்டுகிறீர்கள், ஆகவே அது ஓவர்டைம். மணிக்கு 18 டாலர் என்றால் ஒன்றரை மடங்கு 27, வருஷத்துக்கு ஏறக்குறைய 1,350. வழக்கில் ஜெயித்து, சட்டப்படி அதே அளவு இழப்பீடும் சேர்ந்தால் 2,700. வாரம் மூன்றே ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கவனிக்க: உங்கள் வாரம் 36 மணி, ஓவர்டைம் வராது. சராசரி, கூட்டாட்சிக் குறைந்தபட்சச் சம்பளமான மணிக்கு 7.25 டாலருக்குக் கீழே போகாதவரை கூட்டாட்சிச் சட்டத்தில் பல நீதிமன்றங்கள் இந்தக் கோரிக்கையை ஏற்பதில்லை. உங்களுக்கு வழி, சம்பளப் புகார்களை வாங்கும் மாநில அமைப்பான டெக்சஸ் ஒர்க்ஃபோர்ஸ் கமிஷன். சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் மனு போக வேண்டும்.

கேள்வி: ரிசப்ஷனில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிறேன். போன் வந்தால் எடுக்க வேண்டும். சில நாள் ஒரு போன்கூட வராது. அப்போதும் சம்பளம் உண்டா? (நியூயார்க்)

பதில்: உண்டு. போனுக்காகக் காத்திருப்பதே உங்கள் வேலை. கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு, மற்றபடி சுதந்திரம் என்றால் கதை வேறு, கழிக்கலாம். போன் பொறுப்பும் உங்களுடையது என்பதை ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: 26 நிமிடத்தில் திரும்பி பஞ்ச் செய்கிறேன். சிஸ்டம் 30 ஆக்கிவிடுகிறது. நாலு நிமிடம்தானே என்கிறார் மேனேஜர். (கலிபோர்னியா)

பதில்: நாலு நிமிடம் அல்ல. சாப்பாட்டு பஞ்சை அப்படி முழுமையாக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அவசரப்படுத்தித் திரும்ப வைத்தார்கள் என்றால் அந்த நாளுக்கு ஒரு மணிச் சம்பளம் கூடுதலாக வர வேண்டும். முழு அரை மணி கொடுத்தும் நீங்களாகவே முன்னால் வந்தீர்கள் என்றால் அந்தக் கூடுதல் இல்லை, வேலை செய்த நிமிடங்களுக்கு மட்டும் சம்பளம்.

கேள்வி: ஐந்தரை மணி ஷிஃப்ட். சாப்பாட்டு இடைவேளை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். செல்லுமா? (கலிபோர்னியா)

பதில்: செல்லும். ஷிஃப்ட் 6 மணி நேரத்துக்குள் இருந்தால் இரு தரப்பும் சம்மதித்து விட்டுவிடலாம். ஐந்தரை மணிக்கும் சம்பளம் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சாப்பிடாத அரை மணியை மூன்று வருஷமாகக் கழிக்கிறார்கள். கேட்டால் வேலை போகுமோ என்று பயம். புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமா? (நியூஜெர்சி)

பதில்: கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதும் ஷிஃப்டைக் குறைப்பதும் சட்டப்படி குற்றம். கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் சம்பளம், பணிநேரப் பிரிவை 1-866-487-9243-ல் கூப்பிடலாம். கட்டணமில்லை, குடியேற்ற நிலை பற்றிக் கேட்பதில்லை. ஆனால் காத்திருக்காதீர்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி 2 வருஷம்தான் கணக்கு, தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபித்தால் 3. புகார் கொடுத்ததால் அந்தக் கெடு நிற்பதில்லை. உங்களுடைய பழைய வாரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. பே ஸ்டப்களை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தொழிலாளர் வக்கீலைப் பாருங்கள். மாநிலச் சட்டத்தில் இன்னும் நீண்ட கெடு இருக்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.