புவி அறிவியல் ஆசிரியர் ஆக, சீக்கிரம் முடிகிற படிப்பு ஏதாவது உண்டா?

கேள்வி: ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். மேலூர் பக்கம். பாறை, மண், மழை, நிலநடுக்கம் என்று பூமியைப் பற்றிச் சொல்லித்தரும் ஆசிரியர் ஆக ஆசை. வீட்டில் ஐந்து வருடம் படிக்க வைக்கத் தயங்குகிறார்கள். பட்டமும் பி.எட்.டும் சேர்த்து விரைவாக முடிக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் அதில் மிச்சமாவது ஒரே ஒரு வருடம். மேஜர் பாடத்தைத் தப்பாக எடுத்தால் மூன்று வருடம் போகும். எனக்குப் போனது. அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். வழக்கமான பாதை மூன்று வருடப் பட்டம், அப்புறம் இரண்டு வருட பி.எட்., ஆக ஐந்து. நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி மத்திய அரசு கொண்டுவந்த ஐடெப் என்ற நான்கு வருடப் படிப்பு 2023-24 கல்வியாண்டில் தொடங்கியது. அதற்கு என்செட் என்று தேசிய நுழைவுத்தேர்வு உண்டு. மைசூரில் என்சிஇஆர்டி நடத்தும் மண்டலக் கல்வி நிறுவனம் 1960-களிலிருந்தே இந்த மாதிரி நான்கு வருடப் படிப்பு நடத்துகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளிலும் பி.எஸ்சி.பி.எட். வைத்திருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல் என்றுதான் இருக்கும். புவியியல் இருக்கிறதா என்று வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், எழுத்தில் பாருங்கள்.

சரி, இனிதான் விஷயம்.

நம் பள்ளிகளில் 'புவி அறிவியல்' என்று தனியாக ஒரு பாடமோ பணியிடமோ கிடையாது. அமெரிக்காவில் உண்டு. அங்கே அதற்கென்றே தனி ஆசிரியர் சான்றிதழ் தருகிறார்கள், இளங்கலையையும் ஆசிரியர் பயிற்சிக்கான முதுகலையையும் சேர்த்து ஐந்து வருடத்தில் முடிக்கும் படிப்புகளும் இருக்கின்றன. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கே தேடினால் கிடைக்காது. இங்கே அந்தப் பாடம் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் புவியியலாக உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் பாறையும் மண்ணும், ஒன்பதாம் வகுப்பில் பாறைக்கோளம், வளிக்கோளம், நீர்க்கோளம், உயிர்க்கோளம். பதினொன்று, பன்னிரண்டில்தான் புவியியல் தனிப்பாடம். ஆகவே நீங்கள் குறிவைக்க வேண்டியது பட்டதாரி ஆசிரியர் (புவியியல்) அல்லது முதுகலை ஆசிரியர் (புவியியல்). பட்டதாரி ஆசிரியர் ஆனால் சமூக அறிவியல் முழுவதும் உங்கள் தலையில்தான்: காலையில் பாறைக்கோளம், மத்தியானம் பிரெஞ்சுப் புரட்சி.

எனக்கு இது தெரியவில்லை. பாறைமேல் இருந்த ஆசையில் வெளியூரில் போய் பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல் படித்தேன்; புவியியல் என்பது ஜியாகரபி, 2009-இலிருந்து 2012 வரை. "ஜியாலஜியும் ஜியாகரபியும் ஒண்ணுதான், பி.எட்.டுக்கு ஏத்துக்குவாங்க" என்று சேர்த்துவிட்டவர் சொன்னார், நானும் நம்பினேன். படிப்பில் குறையே இல்லை. கனிமத்தை நாணயத்தால் கீறிப் பார்ப்பதும், மலைச்சரிவில் காம்பஸ் வைத்துப் பாறை அடுக்கின் சாய்வை அளப்பதுமாக ஆனந்தமான மூன்று வருடம். முடித்துவிட்டு மதுரைக்கு வந்து பி.எட். விண்ணப்பம் வாங்கினால், தகுதிப் பாடங்களின் பட்டியலில் ஜியாகரபி இருந்தது, ஜியாலஜி இல்லை. கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எம்.ஏ. புவியியலில் சேர்ந்து சமாளிக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார், அவர்தான் தடுத்தார். "அவசரப்பட்டு எம்.ஏ. சேந்துறாதப்பா, கிராஸ் மேஜர் ஆயிரும்." முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ, அரசு இணை என்று ஏற்றுக்கொண்ட பாடமாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் கிராஸ் மேஜர். தேர்வில் எவ்வளவு மார்க் எடுத்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் கழன்றுவிடும்.

ஆக, ஒரு பட்டத்தைப் பீரோவில் வைத்துவிட்டு இளங்கலைப் புவியியலில் மறுபடி முதலாம் ஆண்டு. 2015-இல் முடித்தேன். என் நேரம், அதுவரை ஒரு வருடமாக இருந்த பி.எட். அந்த ஆண்டுதான் இரண்டு வருடமாக மாறியது. முதல் பேட்ச் நாங்கள்தான். கூட்டிப் பாருங்கள், மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "எட்டு வருசம் படிச்சான், டாக்டராக்கூட ஆயிருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் வேலை என்றும் நினைக்காதீர்கள். பட்டதாரி ஆசிரியருக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேற வேண்டும், 150 கேள்விகள், அதில் 60 சமூக அறிவியல். தேறினாலும் அது தகுதிதான், வேலை இல்லை. 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு அரசுப் பள்ளிக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2019-இல் டெட் நடந்த பிறகு அடுத்த அறிவிப்பு 2022-இல்தான் வந்தது. நான்கு வருடப் படிப்பில் மிச்சம் பிடித்த அந்த ஒரு வருடம் இப்படி ஓர் இடைவெளியில் காணாமல் போகலாம். முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் கேட்பதில்லை, நேராக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுதான். ஆனால் அதற்கு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. என்று இன்னும் இரண்டு வருடம்.

ஒரு வருட பி.எட். திரும்ப வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் என்சிடிஇ 2025-இல் வெளியிட்ட வரைவில் இருந்த விஷயம். அதிலும் நான்கு வருடப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்குத்தான். மூன்று வருடப் பட்டத்தோடு ஒரு வருட பி.எட். என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த ஜியாலஜி பட்டம் வீணா என்றால், சம்பள உயர்வுக்கு வீண்தான். வகுப்பில் அப்படி இல்லை. இப்போது உதவி பெறும் பள்ளி ஒன்றில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாறைக்கோளம் ஆரம்பிக்கும்போது சாக்குப்பையில் கிரானைட் துண்டு கொண்டுபோவேன், பாலீஷ் பட்டறையில் கழித்துப் போடுவது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், மறுபக்கம் மலையில் இருந்தபடி சொரசொரப்பு. போன வருடம் ஒரு வெள்ளைக்கல்லைக் காட்டி, கடைகளில் இதற்குக் காஷ்மீர் ஒயிட் என்று பெயர் என்றேன். "காஷ்மீர்ல இருந்தா சார் வருது?" "இல்லடா, நம்ம மதுரை மாவட்டம்." பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன் மட்டும் சிரித்தான், அவனுக்குத் தெரியும்.

அந்தக் கல்லில் மாதுளை முத்துபோல் கருஞ்சிவப்புப் பொட்டுகள் இருக்கும். அது கார்னெட் என்ற கனிமம். நம் பக்கத்துப் பாறைகளுக்கு நிலவியல்காரர்கள் 'மதுரை பிளாக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 55 கோடி வருடங்களுக்கு முன்னால் இவை பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே கிடந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியவை. இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்ப அதுக்கு மேல இருந்த இருபது கிலோமீட்டர் எங்க சார் போச்சு?"

எட்டு வருடத்தில் எந்தத் தேர்விலும் இவ்வளவு நல்ல கேள்வியை நான் பார்க்கவில்லை. அன்று மணியடித்த பிறகும் வகுப்பு ஓடியது. மழை, வெயில், ஆறு, கடல் என்று கரும்பலகை நிரம்பிவிட்டது.

ஆகவே இளங்கலைப் புவியியலில் சேருங்கள், நான்கு வருடமாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஐந்து. பாறையை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளலாம், மேலூர்க்காரருக்கு அதற்கா பஞ்சம்? துண்டுக்கல் வேண்டுமென்றால் பட்டறைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், அன்றைய கழிவைக் குவிப்பது அப்போதுதான். சாக்கு நீங்களே கொண்டுபோங்கள், அவர்கள் தரமாட்டார்கள்.