டூட்டி லிஸ்ட்டைப் பாருங்கள், சிஸ்டர்: கேள்வி பதில்

செவிலியர்களின் பணிச்சோர்வு குறித்து வந்த கேள்விகளுக்கு, வார்டு டூட்டி லிஸ்ட் போடும் மூத்த செவிலியரின் பதில்கள்.

டூட்டி முடிந்து வந்தால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. நோயாளி கூப்பிட்டாலே எரிச்சல் வருகிறது. எனக்கு டிப்ரஷனா அக்கா? (திண்டுக்கல்)

பணிச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் மாஸ்லாக் அளவுகோலில் 22 கேள்விகள். 9 மனக்களைப்பைப் பற்றியவை, 5 நோயாளியிடமிருந்து விலகிப்போவதைப் பற்றியவை, 8 ‘நான் உருப்படியாக ஏதாவது செய்கிறேனா’ என்பதைப் பற்றியவை. உங்கள் எரிச்சல் இரண்டாவது வகை. ‘முருகேசன் ஐயா’ என்று கூப்பிட்டவர் ‘12-ஆம் பெட் டிரிப்’ ஆகிவிடும்போது அது தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்துகிறது.

நாலு நாள் லீவில் மனம் லேசானால், பெரும்பாலும் வேலைதான் காரணம். லீவிலும் எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வார்டு ஸ்டாக்கிலிருந்து தூக்க மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம்.

1:3 விதிப்படி (மூன்று பெட்டுக்கு ஒரு நர்ஸ்) ஆள் இருக்கிறார்கள் என்கிறார் சூப்பரின்டென்டென்ட். நைட்டில் 30 பேரை நான் ஒருத்தி பார்க்கிறேன். எப்படி மேடம்? (விழுப்புரம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை)

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. 1:3 என்பது உங்கள் ஷிஃப்டில் நிற்கும் ஆள் கணக்கு அல்ல, மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்த கணக்கு. ஷிஃப்டுக்கு 1:9 என்று மத்திய அரசு அமைத்த பஜாஜ் குழுவே எழுதியிருக்கிறது.

30 பெட் வார்டுக்கு 10 பேர், விடுப்புக்கு 30 சதவீதம் சேர்த்து 13. தினம் 10 பேர் வேண்டும் என்றால் வருடத்துக்கு 3,650 டூட்டி. வார ஆஃப் 52, மற்ற விடுப்பும் பண்டிகையும் சேர்த்து ஒருவருக்கு 100 நாள் போனால் மிச்சம் 265. பதின்மூன்று பேருக்கு 3,445. அதாவது ஒருவர்கூடப் பிரசவ விடுப்பில் போகாத வருடத்திலேயே 205 டூட்டிக்கு ஆள் இல்லை. இதற்கு மேல் ஒருவரை ஐசியுவுக்கும் ஒருவரை ஓபிக்கும் இழுத்தால் நைட்டில் மிஞ்சுவது நீங்கள்தான். பெட் 30 என்றாலும் தரையில் பாயில் கிடப்பவர்களையும் எண்ணுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் தேதி, நோயாளி எண்ணிக்கை, டூட்டியில் இருந்தவர்கள், ஓடிய டிரிப், ரத்தம் ஏற்றியது, புது அட்மிஷன், விட்டுப்போன பி.பி. சார்ட் எல்லாம். நோயாளி பெயர் வேண்டாம். 30 நாள் எழுதி, ஒரு பக்கத்தில் சுருக்கி, தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் புலம்பினால் பதிவாகாது.

கலிஃபோர்னியாவிலேயே 1:5தான். நம்மிடம் 1:3. பிறகென்ன குறை? (சென்னை, மருத்துவமனை நிர்வாகம்)

கலிஃபோர்னியாவின் 1:5, ஒவ்வொரு ஷிஃப்டிலும் எந்த நேரமும் இருக்க வேண்டிய எண்ணிக்கை. சாப்பிடப் போகும் நேரத்துக்கும் பொருந்தும். 1999-இல் சட்டமாகி 2004-இல் 1:6 என்று நடைமுறைக்கு வந்தது, 2005-இல் 1:5 ஆனது. ஐசியுவில் 1:2. நம் 1:3 அதன் பக்கத்தில் வைக்க வேண்டிய எண்ணே இல்லை.

சரி, ஆளைக் கூட்டினால் செலவு. நோயாளிக்கு என்ன லாபம்? (அதே வாசகர்)

2002-இல் லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளில் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 சதவீதமும், நர்ஸின் பணிச்சோர்வு வாய்ப்பு விகிதம் 23 சதவீதமும் கூடியிருந்தன.

அது அமெரிக்கா. (அதே வாசகர்)

மூச்சு எண்ணுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு முதலில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்தால் பி.பி. விழுவதற்கு முன்பே நாடி ஏறும், மூச்சு 16-லிருந்து 26 ஆகும். அதே நேரம் ஒருத்தி மூன்று டிரிப் மாற்றிக்கொண்டிருந்தால் அந்த 26-ஐ யாரும் எண்ணுவதில்லை. பி.பி. விழுந்த பிறகு ஓடுவோம். நோயாளிக்கு லாபம் அந்த அரை மணி நேரம்தான், ஐயா. இதோடு இந்த விவாதத்தை நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

எனக்கும் எரிச்சல் வருகிறது. டிப்ரஷனா? (கரூர், இதே கேள்வி இன்னும் ஐந்து பேரிடமிருந்து)

முதல் பதிலைப் படியுங்கள்.

மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு வைக்கிறார்கள், அதுவும் ஆஃப் நாளில்.

ஆஃப் நாளை எடுத்துக்கொண்டு எதைக் கொடுத்தாலும் சோர்வு கூடும். டூட்டி நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நைட் முடிந்தால் தூக்கமே வருவதில்லை. (நாகர்கோவில்)

டூட்டி லிஸ்ட் காலை, மதியம், நைட் என்று முன்னோக்கிச் சுழல வேண்டும். தலைகீழாகச் சுழன்றால் உடம்பு பழகாது. இரண்டு டூட்டிக்கு நடுவே 11 மணி நேரமாவது வேண்டும். நைட்டில் காபியை 2 மணிக்குள் முடியுங்கள். ஆள் இருந்தால் மாற்றி மாற்றி 20 நிமிடம் கண்ணயருங்கள். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். நைட் முடித்துக் கண் சொருகச் சொருக ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். பஸ்ஸில் போங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி, 60 பெட், சம்பளம் 11,000. (ஈரோடு)

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு, 50 பெட்டுக்குக் கீழ் 20,000, 50 முதல் 100 வரை அரசு சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 200-க்கு மேல் அரசுக்கு இணை என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், தானாகச் சட்டமாகாது. ஆனால் கேட்பதற்கு ஒரு எண் கையில் இருக்கும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள். பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் வந்து தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். நிரந்தரம் எப்போது?

அதைச் சங்கத்தில் கேளுங்கள், என்னால் தேதி சொல்ல முடியாது. ஆனால் ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருக்கும்வரை பணித்திருப்தி பற்றி யாரும் உங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

விட்டுவிட்டு வளைகுடா போகலாமா? (தூத்துக்குடி)

முதலில் வார்டு மாற்றம் கேட்டுப் பாருங்கள். கேஷுவாலிட்டியில் வெறுத்தவர்களுக்கு டயாலிசிஸ் பிடித்துப்போவதுண்டு. போவதென்றே முடிவென்றால் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியுங்கள். தெருமுனை ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள். ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.