அறிவியல் முந்தியா, கை முந்தியா? சேகோ ஊரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: அறிவியல் வளர்ந்த பிறகுதான் தொழில்நுட்பம் வந்ததா? இல்லை, தொழில்நுட்பம் முதலில் வந்து அறிவியல் பின்னால் வந்ததா?

எங்கள் ஊரில் நான் பார்த்தவரை, பொருளைச் செய்வதில் கை முந்தி. விலை போடுவதில் அறிவியல் முந்தி. குச்சிக்கிழங்கை வைத்துத்தான் இதை எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் ஆத்தூர்ப் பக்கம். தாத்தாவுக்கு வசிஷ்ட நதிக்கு இந்தப் பக்கம் மூன்று ஏக்கர் காடு. புத்தகத்தில் மரவள்ளி என்று போடுவார்கள், எங்களுக்கு அது குச்சிக்கிழங்கு. பிடுங்கிய கிழங்கை இரண்டு நாள் வைத்திருந்தால் உள்ளே நீலமாகக் கோடு ஓடிவிடும், மாவும் போய்விடும். அதனால்தான் காட்டை ஒட்டியே சேகோ, அதாவது ஜவ்வரிசி, செய்யும் பேக்டரிகள் முளைத்திருக்கின்றன. சேலத்திலிருந்து ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸில் வந்தால், தூக்கத்தில் இருப்பவரைக்கூட அந்தப் புளித்த வாடை எழுப்பிவிடும்.

ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். அந்த நாட்டு அசல் சேகோ ஒரு வகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. நம் பாயசத்தில் மிதப்பது அதுவல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியரோடு கேரளக் கரையில் இறங்கிய கிழங்கின் மாவு இது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனது. அந்தச் சமயத்தில், 1943இல், மீன் வியாபாரத்துக்காகக் கேரளா போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் வேலை ஷாவுக்குத் தெரியும். சேலத்து சேகோவின் கதை அங்கே தொடங்குகிறது. ஒருவர் மீன் வியாபாரி, இன்னொருவர் தொழில் பார்த்தவர். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இந்தக் கதையில் இல்லை.

செய்முறையைப் பாருங்கள். கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, தண்ணீர் விட்டுச் சலித்தால் சக்கை தனியாக நிற்கும். அது திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். வடிந்த மாவுப்பால் ஒரு தொட்டிக்குப் போகும். ஒரு ராத்திரி அசையாமல் விட்டால் மாவு அடியில் கெட்டியாகப் படிந்து, மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். அதை வடித்துவிட்டு, ஈரமாவை உதிர்த்துத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டினால், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு குருணை குருணையாக உருள ஆரம்பிக்கும். சலித்து, எண்ணெய் தடவிய சூடான தகட்டில் வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி மாதிரி வரும், அது நைலான் ஜவ்வரிசி.

இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாடம் உண்டு. துகள் என்ன வேகத்தில் படியும் என்பதற்கு ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 1851இல் போட்ட கணக்கு இருக்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேல் ஈரமாவு பசையாக மாறும், தகட்டில் பட்ட வெளிப்பக்கம் மட்டும் ஓடு கட்டுவது அதனால்தான். தொட்டிலை ஆட்டியவருக்கு இவை எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மாவை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்து "இன்னும் கொஞ்சம் ஈரம் வேணும்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அம்மாயி கிழங்கு வேகவைக்கும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுவார். ஏன் என்று கேட்டால் "கசப்பு இறங்கோணும் கண்ணு" என்பார். கிழங்குத் தோலும் தழையும் ஆடுமாடு வாயில் படாமல் பார்த்துக்கொள்வார். கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருப்பதும், அரைபட்டால் அதிலிருந்து சயனைடு பிரிவதும் எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "அதத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

இரும்புக்கும் இதே கதைதான். சேலத்துக்குப் பக்கத்திலிருக்கும் கஞ்சமலையின் இரும்புக் கல்லை உருக்கியவர்கள் யாரும் வேதியியல் படித்தவர்கள் அல்ல. தென்னிந்திய உருக்கு ஐரோப்பாவுக்குப் போனபோது, இது ஏன் இவ்வளவு உறுதி என்று அங்கே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1819இல் மைக்கேல் பாரடேயே அதைப் பகுத்துப் பார்த்து, அதிலிருக்கும் அலுமினா, சிலிகாவால்தான் இந்தக் குணம் என்று முடிவு கட்டினார். அது தவறு, விஷயம் கரிமத்தில் இருந்தது. பாரடேவுக்கே சறுக்கிய இடத்தில் உலை ஊதிய ஆள் சறுக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்த்திமிர் உண்டு.

சரி, அறிவியல் எங்கே முந்தி வந்தது? கிழங்கு லோடு இறங்கும் இடத்தில்.

எங்கள் பக்கம் கிழங்குக்கு எடையை மட்டும் வைத்து விலை இல்லை, பாயிண்ட் கணக்கு. எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறதோ, அத்தனை பாயிண்ட்டுக்குத் துட்டு. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, முதலில் வெளியே எடை போடுவார்கள். அப்புறம் அதையே கம்பிக் கூடையில் வைத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். வெளியே ஐந்து கிலோ இருப்பது தண்ணீருக்குள் அரைக்கிலோ அளவுக்குத்தான் காட்டும். மாவு தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். மாவு கூடக் கூட உள்ளே காட்டும் எடையும் கூடும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதேதான்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது தாத்தாவோடு ஒரு லோடுக்குப் போனேன். முந்தின நாள் மத்தியானமே டிராக்டர் போய் வரிசையில் நின்றாயிற்று. இறக்கியது மறுநாள் பத்து மணிக்கு. கூடையை முக்கினார்கள், முள் நின்றதோ இல்லையோ, "இருபத்தாறு" என்று சொல்லிவிட்டார் அங்கிருந்த ஆள். தாத்தா எதிர்பார்த்தது இருபத்தெட்டு. ஒரு கிழங்கை ஒடித்து, பால் வடிவதைக் காட்டி, "இதப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். "முள்ளு சொல்றதுதான் பெரியவரே" என்று பதில் வந்தது. ஒடித்துப் பார்த்தே மாவு சொல்லக்கூடிய மனிதர், ஒரு முள்ளுக்கு முன்னால் பேச்சில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இருபத்தாறுக்கே துட்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அந்த லீவில் வீட்டில் ஒரு பக்கெட்டும் தொங்கும் தராசும் வைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஒரே கிழங்கு, இரண்டு தரம், இரண்டு எடை! கொஞ்ச நேரம் குழம்பிப்போய், அப்புறம்தான் கவனித்தேன். சொரசொரப்பான தோலிலும் வெட்டிய முனையிலும் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு கிழங்கைத் தூக்கிப் பிடிக்கின்றன. கூடையை ஆட்டிக் குமிழியை உதிர்த்தால் எடை ஏறுகிறது. மண் ஒட்டியிருந்தாலும் ஏறும், மண் மாவைவிடக் கனம். ஆக, மண்ணைத் தட்டாமல் போடுவது நம் ஆள் செய்யும் தில்லுமுல்லு, ஆட்டாமல் போடுவது எதிர்ப் பக்கத்துக்கு லாபம். அன்று வேண்டுமென்றே செய்தார்களா, அவசரமா என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். தனக்காகச் செய்கிறவனுக்குக் கைக்கணக்கு போதும். முன்பின் தெரியாத இரண்டு பேர் துட்டு மாற்றிக்கொள்ளும்போது ஒருவர் கை சொல்வதை இன்னொருவர் நம்பமாட்டார். அங்கே தராசும் எண்ணும் வந்துதான் ஆகவேண்டும். பாயிண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத காலத்தில் கண் மதிப்பில் அடித்துப் பேசியிருப்பார்கள், அது இன்னும் மோசம்.

கை எட்டாத இடமும் ஒன்று உண்டு. 2020இல் மரவள்ளிக்கு ஒரு புது மாவுப்பூச்சி வந்து, குருத்தெல்லாம் சுருண்டு கொத்தாகிப்போனது. வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், கடையில் கொடுத்த மருந்து, எதற்கும் மசியவில்லை. இதே பூச்சி ஆப்பிரிக்காவை 1970களில் ஆட்டி வைத்தது. அப்போது இதன் சொந்த ஊரான தென் அமெரிக்காவில் தேடி, பராகுவேயில் ஒரு குட்டிக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அந்தக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் எங்கள் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு போட்டாலும் எங்கள் அனுபவத்தில் அந்தக் குளவி வந்திருக்காது.

தாத்தா இப்போது இல்லை. காட்டை மாமா பார்க்கிறார். லோடு போனால் அவரே கூடைப் பக்கம் போய் நின்றுகொள்வார். மண்ணை அவரே தட்டிவிடுவார். கூடை தண்ணீருக்குள் போனதும், "நாலு ஆட்டு ஆட்டுப்பா" என்று சொல்லி, குமிழி மேலே வந்து நின்ற பிறகுதான் முள்ளைப் பார்க்க விடுவார்.