அனிமேஷன் மியூசிக் வீடியோக்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இதுதான்: பாடகரே நேரில் வந்து ஆடிப்பாடும் வீடியோ இருக்கும்போது, வரைந்தும் பொம்மையை நகர்த்தியும் எடுத்த மியூசிக் வீடியோக்களில் என்ன பெரிய கலை இருக்கிறது, அவற்றைச் சிலர் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏன்?

"கேமராவால் முடியாததை அனிமேஷனில் காட்டலாம்" என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். பறக்கலாம், உருகலாம், நாலு தலையோடு வரலாம். எனக்கு அது பாதிப் பதிலாகக்கூடத் தெரியவில்லை. இன்றைக்கு எந்தப் படத்திலும் எதையும் காட்டிவிடலாம், அதற்காக யாரும் அதே காட்சியைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதில்லை. நான் சொல்வது வேறு. நல்ல அனிமேஷன் வீடியோவில் பாட்டின் ஒவ்வொரு துணுக்கையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து காதால் எண்ணியிருக்கிறார். படப்பிடிப்பில் பாட்டைப் போட்டு ஆடச் சொன்னால் உடம்பு தானாகத் தாளத்தோடு போய்விடும். வரைபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கையைத் தூக்குவதா, எந்த ஃபிரேமில் (ஓடும் படத்தின் ஒரு தனிப்படம்) தூக்குவது, எங்கே நிறுத்துவது, கண் சிமிட்டுவது பல்லவிக்கு முன்பா பின்பா என்று எல்லாவற்றையும் முடிவெடுத்தே ஆக வேண்டும்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், சுவாரஸ்யமே இதில்தான். சினிமா வழக்கப்படி நொடிக்கு 24 ஃபிரேம். பாட்டு நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) வேகத்தில் போனால் ஒரு பீட்டுக்கு அரை நொடி, அதாவது 12 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வரைவது பரவலான முறை ('ஆன் டூஸ்' என்பார்கள்), அப்படியானால் பீட்டுக்கு 6 படம், அழகாக வகுபடுகிறது. ஆனால் எல்லாப் பாட்டும் இப்படிச் சொன்னபடி கேட்காது. நிமிடத்துக்கு 100 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு 14.4 ஃபிரேம் வரும், அந்த 0.4 ஃபிரேமை எங்கே கொண்டுபோய் வைப்பது? 14, 14, 15, 14, 15 என்று மாற்றிப் போட்டால் ஐந்து பீட்டுக்கு 72 ஃபிரேம், கணக்கு சரியாக வந்து உட்காரும். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அடி விழும் படத்தைச் சத்தத்துக்கு ஓரிரு ஃபிரேம் முன்னாலேயே வைப்பது அனிமேட்டர்களிடம் பழைய வழக்கம், ஏனென்றால் மிகச் சரியாகச் சத்தத்தின் மேலேயே வைத்தால் படம் பின்தங்கி வருவதுபோல் தோன்றிவிடுகிறது. பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் படம் பாட்டை நமக்கு ஒரு நொடிப்பொழுது முன்பே கேட்டுவிட்டதுபோல ஓர் உணர்வு வரும். அந்த உணர்வுக்குத்தான் திரும்பப் போகிறோம் என்று நினைக்கிறேன்.

ஒரு உதாரணத்தை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நார்வே இசைக்குழு ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ', 1985இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய வீடியோ. காமிக்ஸ் படிக்கும் பெண்ணை நோக்கிப் புத்தகத்தின் தாளிலிருந்து காமிக்ஸ் நாயகனின் பென்சில் கை நீளும், அவள் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். கதை இவ்வளவுதான். முதலில் நிஜ ஆட்களை வைத்துப் படம்பிடித்துவிட்டு, பிறகு மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ஒவ்வொரு ஃபிரேமாக அதன்மேல் பென்சிலால் வரைந்தார்கள். சுமார் 3,000 படங்கள், 16 வாரம். இந்த முறைக்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர், ஒன்றும் புதிதல்ல. மேக்ஸ் ஃபிளெய்ஷர் 1917லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1932இல் பெட்டி பூப் கார்ட்டூன் ஒன்றில் ஜாஸ் பாடகர் கேப் காலவேயின் ஆட்டத்தை அப்படியே ஒரு வால்ரஸ் பேய்க்கு ஏற்றி ஆடவிட்டார்கள், இன்றைக்குப் பார்த்தாலும் அந்த நடை கொஞ்சம் அமானுஷ்யமாகத்தான் இருக்கும்.

ஆ-ஹா வீடியோவில் கவனிக்க வேண்டியது கோடுகளின் நடுக்கம். ஒரே கன்னத்தை அடுத்தடுத்துப் பல முறை வரைந்தால் எந்த இரண்டு கோடும் ஒன்றாக வராது, ஓடவிட்டால் முகம் முழுக்கக் கொதிப்பதுபோல் இருக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது குறைதான், துடைத்துச் சீராக்கியிருக்கலாம். அப்படியே விட்டுவிட்டார்கள், நல்லவேளை. அந்தப் பாட்டின் சிந்தசைசர் மெட்டு ஒரு நிமிடம்கூட நிலையாக நிற்காமல் படபடவென்று போகும், பாடுபவரின் குரல் பல்லவியில் எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டே போகும். கோடுகளும் அதே பதற்றத்தில் நடுங்குகின்றன. கடைசியில் அந்தக் காமிக்ஸ் நாயகன் நடைபாதைச் சுவர்களில் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மோதுவான், ஒரு மோதலில் பென்சில் கோடாக இருக்கிறான், அடுத்ததில் சதையும் ரத்தமுமாக. அங்கே வசனமோ விளக்கமோ கிடையாது, ஆனாலும் எல்லாம் புரிந்துவிடுகிறது. இதே பாட்டுக்கு முதலில் சாதாரணமாகப் பாடி ஆடும் வீடியோ ஒன்று வந்தது, பெரிதாக யாரும் சீண்டவில்லை. பாட்டையும் மறுபடி பதிவு செய்தார்கள் என்பதால் எல்லாப் பெருமையையும் வீடியோவுக்கே எழுதிவைக்க முடியாதுதான், இருந்தாலும் 1985 அக்டோபரில் அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்ததில் அந்தப் பென்சிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த வருடம் வந்த பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹேமர்' வேறு வகை. நிஜ மனிதரையே பொம்மைபோல ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்தார்கள், இதை பிக்ஸிலேஷன் என்பார்கள். கண்ணாடிப் பலகைக்குக் கீழே கேப்ரியல் 16 மணி நேரம் படுத்துக்கிடந்தார், அவர் முகத்தைச் சுற்றிப் பழங்களை நகர்த்தி நகர்த்தி எடுத்தார்கள். தலையில்லாத இரண்டு கோழிகள் ஆடும் பகுதியை நிக் பார்க் செய்தார், பின்னாளில் அவர் ஆர்ட்மேன் அனிமேஷன் ஸ்டுடியோவில் செய்ததெல்லாம் ஊரறிந்த கதை. 1987 எம்டிவி விருதுகளில் ஒன்பதை அள்ளியது. எனக்கு இதில் பிடித்தது, பாட்டின் ட்ரம்பெட், பேஸ், டிரம் என்று ஒவ்வொன்றின் குணமும் பொருளாக மாறி அவர் முகத்தின் மேலேயே வந்து விழுவதுதான்.

எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்ல வரவில்லை. 'மழை' என்று வரி வந்தால் மழை, 'இதயம் உடைந்தது' என்றால் சிவப்பாக ஒரு இதயம் ரெண்டாகப் பிளக்கும், 'பாதை' என்றால் ஒருத்தர் நடந்துபோவார். இந்த மாதிரி வீடியோக்கள் நிறைய. பாட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டதைப் படம் மறுபடி வாசித்துக் காட்டுகிறது, பாவம். கார்ட்டூன்களில் இசைக்கும் இதே நோய் உண்டு: பாத்திரத்தின் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு ஸ்வரம், ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு தட்டல். மிக்கி மவுசிங் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் சிரிப்பாக இருக்கும், மூன்றாவது நிமிடம் தாங்காது. நல்ல வீடியோ வரியை விட்டுவிட்டு வேறெதையாவது பிடித்துக்கொள்ளும், பேஸ் கிடாரை, பாடகர் மூச்சிழுப்பதை, இல்லையென்றால் இரண்டு அடிகளுக்கு நடுவில் இருக்கும் காலியிடத்தை.

இதற்கு நான் கண்ட மிகச் சுத்தமான சாட்சி மியூசிக் வீடியோ என்ற பேச்சே இல்லாத காலத்தைச் சேர்ந்தது. 1949இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரனும் ஈவ்லின் லாம்பர்ட்டும் ஆஸ்கர் பீட்டர்சன் மூவர் குழுவின் ஜாஸுக்குச் செய்த படம், 'பிகான் டல் கேர்'. கேமரா இல்லாமல், ஃபிலிம் சுருளின் மேலேயே சாயம் பூசி, கீறி, புள்ளி வைத்துச் செய்தது. நடுவில் பியானோ மெதுவாகும் இடத்தில் வண்ணமெல்லாம் போய்விடும், கறுப்பில் வெள்ளைக் கீறல்கள் ஒன்றிரண்டு மட்டும் நின்று ஆடும். பாத்திரம் இல்லை, கதை இல்லை, வரிகளும் இல்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

முகம் தொடர்பாகவும் ஒன்று இருக்கிறது. பாடகர் திரையில் இருந்தால் நாம் பாதி நேரம் அவரைத்தான் பார்க்கிறோம், உடை, முடி, வயது என்று கவனம் ஓடிவிடும். அவர் விலகிக்கொண்டால் பாட்டுக்கு இடம் கிடைக்கிறது. கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் குழு இதை முழுத்திட்டமாகவே ஆக்கியது: டேமன் ஆல்பர்ன் இசை, ஜேமி ஹ்யூலெட் வரைந்த நான்கு கற்பனை உறுப்பினர்கள். 2001இல் முதல் ஆல்பம் வந்ததிலிருந்து திரையில் குழு என்றால் அந்த நால்வர்தான். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இரட்டையர் இன்னும் ஒருபடி மேலே போய் ஒரு முழு ஆல்பத்தையே ஜப்பானிய ஓவியர் லெய்ஜி மாட்சுமோட்டோவின் மேற்பார்வையில் 2003இல் வசனமில்லாத அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படமாக்கினார்கள்.

உழைப்பும் ஈர்ப்பின் ஒரு பகுதிதானா என்று கேட்டால், ஆம், கொஞ்சம். அமெரிக்கப் பாடகி கினா கிரானிஸின் ஒரு பாட்டுக்கு 2,88,000 ஜெல்லி மிட்டாய்களை அடுக்கி அடுக்கி 22 மாதம் எடுத்தார்கள். கேட்டதும் வாயைப் பிளக்கிறோம். ஆனால் எண்ணிக்கை மட்டுமே ஒரு வீடியோவைக் காப்பாற்றாது. இப்போது கணினியே நிமிடக்கணக்கில் உருவாக்கித் தரும் வீடியோக்கள் எனக்கு ஏன் ஒட்டவில்லை என்றால் அதுவும் உழைப்பு குறைவு என்பதால் அல்ல. எல்லாம் எல்லாமாக உருகி வழிந்துகொண்டே இருக்கிறது, எங்கேயும் 'இதோ இந்த அடியில் நிறுத்து' என்று ஒருவர் முடிவெடுத்த தடம் தெரியவில்லை. ஒருவர் அந்தக் கருவியையே வைத்துக்கொண்டு அப்படி நிறுத்திக் காட்டினால் தாராளமாகப் பார்ப்பேன்.

சரி, நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் யூடியூபில் பிடித்த வீடியோவைக் கணினியில் திறந்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்திக்கொண்டே போங்கள், ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். காற்புள்ளியை அழுத்தினால் பின்னோக்கி வரும். கையால் செய்ததில் ஒரே படம் ரெண்டு ஃபிரேம் நிற்பது பெரும்பாலும் தெரியும், சில இடத்தில் வேகத்தைக் காட்ட ஒரே ஒரு ஃபிரேமுக்குக் கையை வாழை இலை நீளத்துக்கு இழுத்து வரைந்திருப்பார்கள். ஆ-ஹா வீடியோவின் கடைசி நடைபாதைக் காட்சியிலிருந்து தொடங்கலாம், அப்புறம் மெக்லாரன்.