ஷோகியில் 10 ஆட்டத்தில் 9 ஜெயித்தும் மேலே ஏற முடியாமல் போவது ஏன்?

ஷோகி என்பது ஜப்பானியச் சதுரங்கம். அதன் தொழில்முறை லீக்கின் பெயர் ஜுனிசென். அடியில் சி2, அதன்மேல் சி1, பி2, பி1, உச்சியில் ஏ என்று ஐந்து வகுப்புகள். ஏ வகுப்பில் முதலாவதாக வருபவர் 'மெய்ஜின்' பட்டத்துக்குச் சவால் விடலாம்.

சிக்கல், வெற்றிகள் சமமாகும்போதுதான். மேலே ஏறும் இடங்களுக்குத் தனி ஆட்டம் கிடையாது. சீசன் தொடங்கும்போதே தந்திருக்கும் வரிசை எண்தான் முடிவு செய்யும். கடைசி டிக்கெட்டுக்கு இரண்டு பேர் நின்றால் வரிசையில் முன்னால் இருப்பவருக்குக் கிடைப்பதுபோல. அந்த வரிசை போன வருட ஆட்டத்தைப் பொறுத்தது. கீழிருந்து புதிதாக வந்தவருக்கு வால் பக்கம்தான் இடம்.

2018-19 சி1 வகுப்பில் நான்கு பேர் 9-1. இடமோ இரண்டு. முந்தைய வருடம்தான் சி2-விலிருந்து வந்திருந்த சோட்டா ஃபுஜி தங்கிவிட்டார். மேலே போன இருவரில் ஒருவர் அவருடைய குருவே, மசடாகா சுகிமோட்டோ! (எனக்கு இந்த விதி கொஞ்சம் கொடுமையாகவே படுகிறது.)

பெரிய பட்டம் வென்றால் வகுப்பு தானாக உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். உயராது: 2020-ல் ஃபுஜி இரண்டு பட்டங்கள் வென்றபோதும் பி2-வில்தான் இருந்தார்.