எதிரி நாட்டை வேவு பார்க்கத்தானே கண்காணிப்பு, அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "எதிரி நாடுகள் நம்மை வேவு பார்க்கின்றன, நாமும் அவர்களைப் பார்க்கிறோம். அப்படியிருக்க, போன்களையும் இணையத்தையும் கண்காணிக்க அரசு தனக்கு ஒரு வழி வைத்துக்கொண்டால் ஏன் இவ்வளவு கூச்சல்? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?"

முதல் பாதியோடு எனக்குச் சண்டையே இல்லை. நாடுகள் ஒன்றையொன்று வேவு பார்க்கத்தான் செய்யும், பார்க்கவும் வேண்டும். 1999 கார்கில் போரின்போது, மலை உச்சியில் இருப்பவர்கள் முஜாஹிதீன்கள், எங்கள் ராணுவத்துக்கு அதில் தொடர்பில்லை என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மே மாதக் கடைசியில் அந்நாட்டு ராணுவத் தளபதி முஷாரப் பெய்ஜிங் போயிருந்தார். அங்கிருந்து தன் ராணுவத்தின் மூத்த அதிகாரி முகமது அஜீஸ் கானோடு போனில் பேசியதை இந்திய உளவுத்துறை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துவிட்டது. ஜூன் 11 அன்று இந்தியா அந்த உரையாடலை வெளியிட்ட பிறகு, ராணுவத்துக்குத் தொடர்பில்லை என்ற பேச்சை உலகத்தில் யாரும் நம்பத் தயாராக இல்லை. அதைப் பிடித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், வேவு சில சமயம் போரைத் தடுக்கும். 1972ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தம் போட்டபோது, ஒப்பந்தத்தை மற்றவர் மீறுகிறாரா என்று பார்க்க இரண்டு பக்கமும் வைத்திருக்கும் 'தேசியத் தொழில்நுட்ப வழிகளை' யாரும் தடுக்கக் கூடாது என்று அதிலேயே எழுதிக்கொண்டார்கள். முக்கியமாக உளவுச் செயற்கைக்கோள்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். பரம எதிரிகள் இருவர் 'நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதில் உலகத்துக்கு நன்மைதான்.

சரி, அப்புறம் எங்கே இடிக்கிறது? எதிரியின் ஒரு குறிப்பிட்ட பேச்சைத் தேடிப்போய்ப் பிடிப்பது ஒன்று. நாம் எல்லோரும் பயன்படுத்தும் கருவியிலேயே முன்கூட்டி ஓட்டை போட்டு வைப்பது முற்றிலும் வேறு. விவாதங்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், அதுதான் என் ஆதங்கம். ஓட்டைக்கு யார் நல்லவர், யார் எதிரி என்று தெரியாது.

நான் பல வருடங்கள் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் எனக்கு நெருக்கமான உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏதென்ஸில் நடந்தது இது. 2004 ஆகஸ்ட், ஒலிம்பிக்ஸ் நேரம். அப்போதிருந்து 2005 மார்ச் வரை கிரீஸ் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ், அமைச்சர்கள், ராணுவ அதிகாரிகள், ஏதென்ஸ் மேயர் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் செல்போன் பேச்சுகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. எல்லாமே வோடபோன் கிரீஸ் எண்கள். நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்தவை எரிக்சன் சுவிட்சுகள், அதாவது அழைப்புகளை இணைத்துவிடும் கணினிகள்.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த மாதிரி சுவிட்சுகளில் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான வசதி மென்பொருளிலேயே இருக்கும். அது இரண்டு பகுதி. ஒன்று, குறிப்பிட்ட எண்ணில் பேச்சு தொடங்கியதும் அதை இரண்டாகப் பிரித்து ஒரு நகலை வேறொரு எண்ணுக்கு அனுப்பும். இன்னொன்று, எந்த எண்ணை யார் உத்தரவின் பேரில் கேட்கிறோம் என்று பதிவு வைத்துக்கொண்டு முதல் பகுதிக்குக் கட்டளை கொடுக்கும். வோடபோன் கிரீஸ் இந்த வசதியை வாங்கவேயில்லை. ஆனால் வழக்கமான மென்பொருள் மேம்பாட்டோடு சேர்ந்து முதல் பகுதி மட்டும் சுவிட்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பதிவு வைக்கும் பகுதி இல்லை. நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, கணக்கு எழுதுபவர் இல்லை. உள்ளே புகுந்தவர்கள் சுமார் 6,500 வரி நிரலை எழுதி வைத்து, அந்த நகல் எடுக்கும் பகுதிக்கு நேரடியாகக் கட்டளை கொடுத்தார்கள். பேச்சுகள் 14 ப்ரீபெய்டு எண்களுக்குப் போயின.

இதில் என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று உறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வசதியின் வடிவமைப்பே, எக்ஸ்சேஞ்சில் அன்றாட வேலை பார்க்கும் எஞ்சினியருக்கு எந்த எண் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்று தெரியக் கூடாது என்பதுதான். காரணம் நியாயமானது. யாராவது ஒரு ஊழியர் குற்றவாளிக்குத் தகவல் சொல்லிவிட்டால் விசாரணை கெட்டுவிடும் இல்லையா? ஆனால் அதே மறைப்புதான் திருடனுக்கும் போர்வையாகிவிட்டது. எந்தத் திரையிலும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 2005 ஜனவரியில் அவர்களே தங்கள் நிரலைப் புதுப்பிக்கப் போய், அதில் ஏதோ பிசகி, சில எஸ்எம்எஸ்கள் போய்ச் சேராமல் நின்றன. எஸ்எம்எஸ் ஏன் போகவில்லை என்று தோண்டிப் பார்த்தபோதுதான் இது வெளியே வந்தது. அந்தப் பிசகு நடந்திருக்காவிட்டால் ஒரு நாட்டின் பிரதமர் இன்னும் எத்தனை காலம் யாரோ கேட்கப் பேசிக்கொண்டிருந்திருப்பாரோ.

கண்டுபிடித்ததும் நிறுவனம் உடனே அந்த நிரலை நீக்கச் சொல்லிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உஷாராகி அந்த 14 போன்களையும் அணைத்துவிட்டார்கள், யார் என்று பிடிக்கும் வாய்ப்பு போய்விட்டது. நிரலை நீக்கிய மறுநாள், அதாவது மார்ச் 9 அன்று, அந்த நிறுவனத்தின் நெட்வொர்க் திட்டப் பிரிவு மேலாளர் தன் வீட்டில் தூக்கில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று கோப்பை மூடினார்கள். குடும்பம் ஏற்கவில்லை, விடாமல் போராடியது. 2017ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கிரீஸ் அரசு அந்த மரணத்தைச் சரியாக விசாரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஒட்டுக்கேட்டது யார்? 2015ல் கிரீஸ் அதிகாரிகள், முன்பு ஏதென்ஸ் அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய ஒருவர் மீது பிடியாணை பிறப்பித்தார்கள். கிரீஸ் அமெரிக்காவின் எதிரி அல்ல, நேட்டோ ராணுவக் கூட்டணியில் கூட்டாளி.

'தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்' என்று கேட்பவர்களிடம் இந்த மேலாளரைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு எஞ்சினியர் அவர்.

இதற்கு மறுவாதமாகச் சிலர் க்ரிப்டோ ஏஜி கதையைக் கொண்டு வருவார்கள். நல்ல மறுவாதம், ஒதுக்கிவிட முடியாது. ஸ்விட்சர்லாந்தில் சூக் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த இந்த நிறுவனம், 120க்கும் மேற்பட்ட அரசுகளுக்கு ரகசியச் செய்திகளைக் குறியீடாக மாற்றி அனுப்பும் இயந்திரங்களை விற்றது. நடுநிலை நாடு, நம்பகமான பொருள் என்று எல்லோரும் வாங்கினார்கள். 1970ல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவு அமைப்பான பிஎன்டியும் சேர்ந்து இந்த நிறுவனத்தையே 57.5 லட்சம் டாலருக்கு ரகசியமாக வாங்கிவிட்டன. அதன் பிறகு, தங்களுக்கு வேண்டாத நாடுகளுக்குப் போகும் இயந்திரங்களைத் தங்களால் எளிதாக உடைக்க முடிகிற மாதிரி வடிவமைத்தார்கள். 1986ல் மேற்கு பெர்லினில் ஒரு இரவு விடுதியில் குண்டு வெடித்தபோது, அதற்குப் பின்னால் லிபியா இருக்கிறது என்று அமெரிக்க அதிபர் ரீகன் அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்ததற்கும் 1982 ஃபாக்லாந்து போரில் ஆர்ஜென்டினாவின் செய்திகள் பிரிட்டனுக்குக் கிடைத்ததற்கும் இந்த இயந்திரங்கள்தான் காரணம். இது பல பத்தாண்டுகள் ஓடியது, 2020 பிப்ரவரியில்தான் முழுதாக அம்பலமானது. 'பார்த்தீர்களா, ஓட்டை வைத்தார்கள், பலன் கிடைத்தது' என்பார்கள்.

பலன் கிடைத்தது உண்மைதான். ஆனால் நாம் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறோம்? வாங்கியவர்கள் பட்டியலில் இந்தியாவும் இருந்தது, பாகிஸ்தானும் இருந்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டி அது. அமெரிக்காவின் முக்கிய எதிரிகளான சோவியத் யூனியனும் சீனாவும் கடைசி வரை அந்த இயந்திரத்தை வாங்கவே இல்லை. இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், துருக்கி போன்ற கூட்டாளிகளிடம்கூட ஓட்டைப் பெட்டியை விற்க அமெரிக்கர்கள் தயங்காததைப் பார்த்து ஜெர்மானியர்களே சங்கடப்பட்டிருக்கிறார்கள். எழுபதுகளில் தென் அமெரிக்க ராணுவ ஆட்சிகள் கூட்டுச் சேர்ந்து எதிர்ப்பாளர்களை நாடு நாடாகத் தேடிக் கொன்ற 'ஆபரேஷன் காண்டோர்' இதே இயந்திரங்களில்தான் செய்தி அனுப்பியது. அப்படியானால் வாஷிங்டனில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்தும் ஏன் சும்மா இருந்தார்கள் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அப்புறம் ஹான்ஸ் ப்யூலர். அந்த நிறுவனத்தின் விற்பனையாளர், பெட்டியில் ஓட்டை இருப்பதே தெரியாமல் ஈரானுக்கு விற்கப் போனவர். 1992 மார்ச்சில் டெஹ்ரானில் பிடித்து ஒன்பது மாதம் சிறையில் வைத்து விசாரித்தார்கள். பத்து லட்சம் டாலர் கட்டி மீட்டுக் கொண்டுவந்த நிறுவனம், வந்த கொஞ்ச நாளிலேயே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

அதோடு, அன்றைக்கு அந்தப் பெட்டி அரசுகளின் மேஜையில் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு ராணுவத் தளபதியும் உங்கள் அம்மாவும் ஒரே மாதிரி போன், ஒரே மாதிரி செயலி, ஒரே நெட்வொர்க்தான் வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க ஒரே சாவியில் திறக்கும் பூட்டை மாட்டிவிட்டு, சாவி நல்லவர் கையில் மட்டும்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

யாராலும் முடியாது என்பதை 2024ல் அமெரிக்காவே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 1994லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, தொலைபேசி நிறுவனங்கள் நீதிமன்ற உத்தரவு வந்தால் ஒட்டுக்கேட்க உதவும் வசதியைத் தங்கள் கருவிகளில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். 'சால்ட் டைஃபூன்' என்று பெயரிடப்பட்ட குழு, சீன அரசோடு தொடர்புடையது என்று அமெரிக்கா சொல்லும் குழு (சீனா மறுக்கிறது), ஏடி அண்ட் டி, வெரைசான் போன்ற பெரிய நிறுவனங்களுக்குள் புகுந்து அந்த ஒட்டுக்கேட்பு அமைப்பு வரை போய்விட்டது. அதிபர் தேர்தல் நேரம், டிரம்ப், வான்ஸ் ஆகியோரின் போன்களும் குறிவைக்கப்பட்டன. ஒட்டுக்கேட்பு அமைப்புக்குள் புகுந்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? அமெரிக்க அரசு யார் யாரைச் சந்தேகிக்கிறது என்ற பட்டியலே கிடைக்கும். எதிரியைப் பிடிக்க வைத்த வழியிலேயே எதிரி உள்ளே வந்து நின்றான். அந்த டிசம்பரில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்ட, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாத, செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று உயர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அறிவுரை கொடுத்தது. 2016ல் ஒரு குற்றவாளியின் ஐபோனைத் திறக்க ஆப்பிளே வழி செய்து தர வேண்டும் என்று நீதிமன்றம் போன அரசும் இதுதான்.

2017ல் நடந்த வான்னாக்ரை என்ற கணினித் தாக்குதலும் இதே வகைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸில் இருந்த ஒரு பிழையை அமெரிக்காவின் உளவு அமைப்புகளில் ஒன்றான என்எஸ்ஏ தன் வேவு வேலைக்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. அந்தக் கருவி திருடுபோய் ஏப்ரலில் வெளியானது, மே 12 அன்று அதே வழியில் 150 நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதைச் செய்தது வட கொரியா என்று பிறகு அமெரிக்கா குற்றம் சாட்டியது.

இனி நம் ஊர் நிலவரம். எதிரி நாடு, தேசப் பாதுகாப்பு என்று சொல்லிக் கிடைக்கும் அதிகாரம் உள்ளே எப்படிப் பயன்படுகிறது என்று யார் சரிபார்க்கிறார்கள்? இந்தியாவில் ஒட்டுக்கேட்பு உத்தரவைப் போடுவது நீதிபதி அல்ல, உள்துறைச் செயலர். அதை மறுபரிசீலனை செய்வது அமைச்சரவைச் செயலர் தலைமையில் இன்னும் சில செயலர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018ல் கொடுத்த அறிக்கையில், இந்த மறுபரிசீலனைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் அதன் முன்னால் வருகின்றன என்று எழுதியிருந்தது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. பெயரைப் படித்து முடிக்கவே போதாது. அந்தப் பட்டியலில் ஒரு பத்திரிகையாளரின் எண்ணோ எதிர்க்கட்சிக்காரரின் எண்ணோ தவறாகச் சேர்ந்திருந்தால் யார் கண்ணில் படும்?

வேறு வழி இல்லாமல் இல்லை. க்ரிப்டோ ஏஜியில் பாதிக்குச் சொந்தக்காரராக இருந்த அதே ஜெர்மனியில், 2020 மே மாதம் அரசியல் சட்ட நீதிமன்றம், வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வேவு பார்க்கும்போதுகூட அடிப்படை உரிமைகள் பிஎன்டியைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் விளைவாக 2022லிருந்து முன்னாள் உச்ச நிலை நீதிபதிகளைக் கொண்ட ஒரு தனி அமைப்பு பிஎன்டியின் முக்கிய நடவடிக்கைகளை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதிக்கிறது. இதனால் பிஎன்டி மூடப்பட்டுவிடவில்லை, வேவு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒட்டுக்கேட்கும் முன் நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று இந்தியாவிலும் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சட்டத்தில் அப்படி இடமில்லை என்று சொல்லி, உத்தரவு போடும் பொறுப்பை உள்துறைச் செயலரிடமும் மறுபரிசீலனையைச் செயலர்கள் குழுவிடமும் விட்டது. தொலைத்தொடர்புக்குப் புதுச் சட்டம் 2023ல் வந்தது, ஒட்டுக்கேட்புக்கான புது விதிகள் 2024 டிசம்பரில் வந்தன. அவற்றிலும் அதே செயலர்கள்தான். உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, அடுத்த திருத்தத்திலாவது அந்தக் குழுவில் ஒரு நீதிபதிக்கு இடம் கேட்பீர்களா என்று கேளுங்கள்.